கஞ்சி போட்ட குதிரைப் போலீஸ்

"உன்னைத் தைக்கிறன் எண்டு பெருமைப்படாதை. நீ செய்த வேலையெல்லாம் எனக்குத் தெரியும்" என்று ஒரு நீலச் சட்டையைத் திட்டியபடியே அதற்குப் பொத்தான் வைக்கிறார் ராசமணி அக்கா. சட்டை பதில் பேசுவதில்லை. அதில் அவருக்கு இன்னும் கோபம் ஏறும்.

பென்ரோஸில், லாரிகள் ஓயாமல் உறுமும் தெருவில் இருக்கிறது எங்கள் உடைக் கிடங்கு. படங்களுக்கும் நாடகங்களுக்கும் உடை தைப்பது எங்கள் வேலை. இப்போது வந்திருப்பது ஒரு தொலைக்காட்சித் தொடர். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலத்துக்காக நடந்த போர்கள்தான் கதை. அதில் குதிரைப் போலீஸ் வருகிறது. பெயர்தான் போலீஸ், வெள்ளைக்கார அரசு துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டைக்கும் அவர்களைத்தான் அனுப்பியது. அவர்களுடைய சீருடை முழுக்க அக்காவின் பொறுப்பு.

அக்கா மன்னார்க்காரர். சீருடை போட்டவர்கள் ஓர் ஊருக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அதைப் பற்றிக் கதைக்கவும் மாட்டார். சட்டைகளைத் திட்டுவதோடு சரி. தையலில் மட்டும் பழிவாங்க மாட்டார். "போடுறவன் என்ன பாவம் செய்தவன்? அவனும் ஆரோ பெத்த பிள்ளைதானே."

ஆனால் விறைப்பில்லாத சீருடை அவருக்குச் சீருடையே இல்லை. ஊரில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? யாரையும் கேட்காமல், வீட்டில் சோறு வடித்த கஞ்சியைக் கொண்டுவந்து போலீஸ் காற்சட்டைகள் அத்தனைக்கும் போட்டுவிட்டார். தேய்த்து முடித்ததும் அவை ஆள் இல்லாமலே நின்றன. பார்க்க எனக்கும் அழகாகத்தான் இருந்தது.

கிளீவ்டன் பக்கம் ஒரு புல்வெளியில் படப்பிடிப்பு. முதல் குதிரை, விரேமு என்ற மாவோரி நடிகனுக்கு. அவனுடைய முன்னோர்கள் அந்தப் போலீஸை எதிர்த்து நின்றவர்கள். "யாராவது ஒருத்தர் கெட்டவனா நடிக்கணுமே, ஆன்ட்டி" என்று அக்காவிடம் கண்ணடித்துவிட்டுத்தான் போனான்.

இடக்காலை எப்படியோ சேணத்தின் அங்கவடியில் வைத்து எழும்பினான். வலக்கால் மடங்கவே இல்லை. காற்சட்டை அப்பளம் நொறுங்குவதுபோல மொரமொரத்தது. குதிரை மிரண்டு விலக, விரேமு மல்லாந்து விழுந்தான். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள்.

"மடு மாதாவே! அந்தப் பிள்ளையின்ர முதுகை நானெல்லோ முறிச்சுப்போட்டன்" என்று அக்கா தலையில் கைவைத்தார். அவரே இயக்குநரிடம் போய் உண்மையைச் சொன்னார். அந்த மனிதருக்குக் கஞ்சி என்றால் என்னவென்று புரியவைப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு மற்றக் காற்சட்டைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியடிக்குப் போய் அலச ஆரம்பித்தார். அலசினார், செபித்தார், மறுபடி அலசினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எலும்பு ஒன்றும் முறியவில்லை, வெறும் வீக்கம்தான். அப்பாடா! நான் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா அழுதார், சிரித்தார், திரும்பவும் அழுதார். இயக்குநர்கூட, "இனி சோற்றைத் தட்டில் மட்டும் வையுங்கள்" என்று சொல்லி விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் விரேமு திரும்பி வந்தான், அதே சீருடையில். "இன்னைக்குச் சோறு இல்லையே, ஆன்ட்டி?" என்று இடுப்பைத் தடவிக் காட்டினான்.

"அசையாமல் நில்லு மோனே" என்று தமிழிலேயே அதட்டிவிட்டு அக்கா அவன் முன்னால் மண்டியிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு எத்தனை முறை அலசிய துணி அது! ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு முழங்கால்களிலும் துணியைப் பிடித்துக் கசக்கு கசக்கென்று கசக்கினார். அவன் குதிரையில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்து, கடிவாளத்தைப் பிடிக்கும்வரை அந்த நீலச் சட்டையின் ஓரத்திலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.