மூடிக் கிடந்த ஊரில் இரண்டு பிள்ளைகள்

போன மாசியில் நான் குண்டலுபேட்டைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. மைசூரில் பிளேக் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் நான். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த கொள்ளேகாலத்துப் பெண் ஒருத்தி, "புள்ளைங்க ரெண்டும் ஊர்லயே கெடக்குதுங்க" என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். தகப்பனும் இல்லை. லீவு கேட்க வேறு காரணம் வேண்டுமா?

காலை ஏழுக்குக் கரிப்புகையில் ஓடும் பஸ், கட்டணம் பன்னிரண்டு அணா. யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு எங்கே போவது! நஞ்சன்கூடு தாண்டி ஒரு மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தயவுசெய்து வெள்ளைச் சேலையில் போகாதீர்கள்.

குண்டலுபேட்டையில் ஹெல்த் இன்ஸ்பெக்டர், "மிஷன் விடுதிக்குச் சொல்லி அனுப்பினேனே, கூட்டிப் போயிருப்பார்கள்" என்றார். விடுதி அம்மாள், "சொந்தக்காரர்கள் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்" என்றாள். தாலுகா கச்சேரிக்கு வந்திருந்த அந்தக் கிராமத்துத் தலைவர் பட்டேல், "தாயோட ஆஸ்பத்திரி வண்டியிலயே போயிருக்கும், சிஸ்டர்" என்றார். மூவரும் நல்லவர்கள்தான். போய்ப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை.

"மூணு பேரும் ஏறுங்க வண்டியில!" என்று கத்தினேன். ஏறினார்கள். மாட்டுவண்டியில் நாலு மைல். முதுகுக்கு ஒரு போர்வையை மடித்து வைத்துக்கொள்வது நல்லது.

எலி செத்து விழுந்தால், வீடுகளைப் பூட்டிவிட்டு ஊரோடு வயலில் கொட்டகை போட்டுக் குடியேறுவது இங்கே வழக்கம். ஒவ்வொரு கொட்டகையிலும் கேட்டோம். எல்லோரும் அடுத்த கொட்டகையைக் கைகாட்டினார்கள். வேறு வழியில்லாமல் காலியான ஊருக்குள்ளேயே நடந்தோம்.

ஒரு வீட்டில் மட்டும் கதவு திறந்திருந்தது. எட்டு வயதுப் பெண், இடுப்பில் தம்பியோடு ராகிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். உயிரோடு பார்த்ததும் அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

"அம்மா வர்ற வரைக்கும் எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லுச்சுங்க" என்றவள், எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "அம்மா வரலீங்களா?"

இன்ஸ்பெக்டர் விடுதி அம்மாளைப் பார்த்தார். அவள் பட்டேலைப் பார்த்தாள். பட்டேல் என்னைப் பார்த்தார்.

"செத்துப்போச்சுங்களா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமாம் கண்ணு."

"தம்பி கூழ் குடிச்சு முடிக்கட்டுங்க. அப்புறம் போலாம்."

காத்திருந்தோம். இப்போது இருவரும் விடுதியில் இருக்கிறார்கள். ஞாயிறு மதியம் போய்ப் பார்க்கலாம். மைசூர் திரும்பும் பஸ் நாலு மணிக்கு. பிளேக் மாதங்களில் ஊசி போட்டுக்கொள்ளாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். இன்னொன்று, ஒரு பிள்ளையைப் பற்றி யாராவது "எங்கேயாவது இருக்கும்" என்றால், அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள்.