எடித் படித்த பூசைப் பிரெஞ்சு

என் மச்சாள் எடித்துக்குப் பிரெஞ்சில் கடவுளோடு பேச வரும். மனிதரோடு பேச வராது.

என் அண்ணர் கொன்ஸ்ரன்ரைன் எங்கள் ஊர் அரிப்பில் மீன்பிடி வள்ளத்தை விற்றுவிட்டுப் பாரிசுக்குப் போனது தொண்ணூற்றிரண்டில். மனைவி எடித்தைப் பிறகு கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். போய் இறங்கினால் ஊமை மாதிரி நிற்கக்கூடாது என்று மச்சாள் பாஷை படிக்கத் தொடங்கினாள். எங்கள் கரையில் பிரெஞ்சு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அண்ணர் அனுப்பிய பிரெஞ்சுப் பூசைப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. அது போதும் என்றாள். கத்தோலிக்கப் பூசை எந்த நாட்டிலும் ஒரே ஒழுங்குதான். தமிழில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அடுத்த வரி என்ன சொல்லும் என்று முதலே தெரியும். பின்னால் இருந்த செபங்களையும் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

உச்சரிப்புக்கு றேடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றலையில் பிரெஞ்சுப் பூசை வரும். சண்டையால் பற்றறிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் றேடியோவைக் கொழுவி, பெடலை நான் சுற்றவேண்டும். அவள் படிக்க, என் தோள்மூட்டு நோகும்.

"மீனுக்கு என்ன சொல்லு, பஸ்ஸுக்கு என்ன சொல்லு எண்டு தெரியுமே உனக்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்றேன்.

"அதுகளை அங்க போய்ப் படிக்கலாம். நீ சுத்து, லூர்து."

ஐந்து வருடம் சுற்றினேன். அண்ணரால் அவளைக் கூப்பிட முடியவில்லை.

பிறகு ஒருநாள் பங்குச் சுவாமி வந்தார். அண்ணருக்கு மூளையில் இரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாராம். பாரிசில் அவரோடு ஒரே அறையில் குடியிருந்த அம்புறோஸ் செய்தி அனுப்பியிருந்தான். தெரிந்த குரல் காதில் விழுந்தால் நல்லது என்று டாக்குத்தர் சொன்னாராம். பகலில் தனக்கு வேலை, மச்சாளையே ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போன் எடுத்துப் பேசச் சொல்லி நம்பரும் தந்திருந்தான்.

சுவாமி எங்களை ஆமிக்காரரின் சென்றிகள் தாண்டி மன்னாருக்குக் கூட்டிப்போய், ஒரு தொலைபேசிக் கடையில் இருத்தினார். மச்சாள் பிடித்த போனில் நானும் காதை ஒட்டிக்கொண்டேன். மறுமுனையில் ஒரு தாதி. மச்சாள் அண்ணரின் பெயரைச் சொன்னாள். போனை அவரின் காதில் வையுங்கோ என்று சொல்ல அவளிடம் சொல் இல்லை. இவ்வளவு படித்தும் பிரயோசனம் இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். பெடல் சுற்றிக் கேட்டுப் பழகிய எனக்கு, எந்த இடம் என்று தெரிந்தது. பூசையில் நன்மை என்கிற நற்கருணை வாங்கமுன் சொல்வது. ஆண்டவரே, நான் தகுதியற்றவள், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், என் ஆன்மா நலமடையும். தாதியைத்தான் ஆண்டவரே என்றாள். வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை, கொன்ஸ்ரன்ரைன், ஒரு வார்த்தை என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

தாதி சிரிக்கவில்லை. நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணரின் மூச்சுச் சத்தம்.

"இஞ்சருங்கோ, நான் எடித்."

அதற்குப் பிறகு முழுக்கத் தமிழ்தான். மழை பெய்தது, வள்ளத்தை வாங்கினவன் அதற்குப் பச்சை மை அடித்தது, என் தோள் நோவு எல்லாம் சொன்னாள். கடைசியில் தாதி ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"எல்லாம் விளங்கேல்லை. இவரின்ர பேர் விளங்கினது. மற்றது, மாதாவுக்குச் சொல்லுற கிருபை தயாபத்துச் செபத்தில வாற ஒரு சொல். கண்ணீர்."

அந்தக் கிழமையே அண்ணர் காலமானார். மச்சாளின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.