ஐந்தருவியில் விட்டுவந்த குரல்

மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்த நாளின் காலையில், ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆள் ஐந்தருவியின் அடியில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? எதுவானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்; அது நான்தான். போன வருடம், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த சமயம்.

காரணம் இல்லாமல் இல்லை. மகளும் அந்தப் பையனும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள். தாங்களே பார்த்து முடிவு செய்தவர்கள். வடகரையில் இருந்த அவன் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம். பெண் வீட்டார் மனசார ஒத்துக்கொண்டார்களா, இல்லை வேறு வழியில்லாமலா? போனில் அதைக் கேட்டும் விட்டார். நான், "அதுக்கென்ன மதினி, எங்களுக்கும் வேற மாப்பிள்ளை கிடைக்கலல்லா" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

நான் அப்படித்தான். நான் சொல்லும் எதிலும் நான் இருக்கமாட்டேன். சொல்லை முன்னே அனுப்பிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன்.

"அப்பா, நீங்க சந்தோசமாச் சொல்லுதீயளா, கேலியாச் சொல்லுதீயளான்னு எனக்கே பல நேரம் தெரியல. இந்தச் சம்பந்தம் தட்டிப் போயிறக் கூடாதுப்பா. நாளைக்கு ஒரு நாள் நேராப் பேசுங்க" என்றாள் மகள், முந்தின நாள் ராத்திரி.

ஆகவே நேராகப் பேசப் பயிற்சி. வீட்டில் செய்தால் மனைவி காதில் விழும். அருவிக்கடியில் யாருக்கும் கேட்காது. படித்த புத்தகங்களையெல்லாம் பிழிந்து தயாரித்த வரவேற்புரையை, கனிவும் மகிழ்ச்சியும் பொங்க, தண்ணீரை எதிர்த்துத் திரும்பத் திரும்பச் சொன்னேன். உடம்பெல்லாம் எண்ணெயோடு பக்கத்தில் நின்றவர் என் காதோரம் வந்து கத்தினார்: "அண்ணாச்சி, யாரைப் போட்டு இந்த ஏச்சு ஏசுதீய?"

தென்காசியில் வீட்டுக்குத் திரும்பியபோது குரல் போயிருந்தது. இரண்டு காதிலும் தண்ணீர்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். "இவங்களுக்குத் தொண்டை கட்டிட்டு" என்று மனைவி சமாளித்தாள். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுவதும் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது. கூடத்தில் எல்லாரும் ஏதோ குளத்துக்கு அடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது எனக்கு. சொற்கள் வழியிலேயே கரைந்து, அவற்றின் ராகம் மட்டும் வந்து சேர்ந்தது. பையனின் தாய்மாமா கையை வீசி வீசிப் பேசினார். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர் குரல் மேலேறி, தங்கையின் முகத்தில் போய் நின்றது. அந்த அம்மா கொஞ்சமாகத்தான் பேசினார். விரல்கள் முந்தானை நுனியைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தன. குரலோ, இருட்டில் அடுத்த படியைத் தேடும் கால்போல, இறங்கி, நின்று, மறுபடி இறங்கியது. இத்தனை பயத்தையா போனில் கேட்டுச் சிரித்தேன்?

திடீரென்று என்னை நேராகப் பார்த்து உரக்கக் கேட்டார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு முழு மனசுதானா?"

எங்கள் பக்கம் பெண்ணின் தகப்பன் வாயால் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். பழக்கதோஷத்தில் ஒரு கிண்டல் கிளம்பித் தொண்டைவரை வந்தது. அங்கே குரல் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அடுப்படி வாசலில் மகள் மூச்சு விடாமல் நின்றிருந்தாள். அவளைப் பார்த்தேன்.

"ம்."

உடைந்து, ஈரமாக, எனக்கே பழக்கமில்லாத ஆழத்திலிருந்து வந்தது அது. மறைந்துகொள்ள இந்த முறை கதவு எதுவும் இல்லை.

"போதும் அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. படி தேடிய கால் தரையைத் தொட்டுவிட்டதுபோல் இருந்தது அந்தக் குரல். தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்.

இத்தனை வருடம் பேசியதில் எந்தச் சொல்லில் நான் இருந்தேன் என்று சாரல் நாட்களில் யோசித்துப் பார்ப்பேன். அந்த ஒரு 'ம்' தவிர வேறெதுவும் அகப்படுவதில்லை.

குரல் திரும்பியதும் இதையெல்லாம் மனைவியிடம் சற்று உருகியே சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அப்பம் கல்யாணத்தன்னைக்கும் விடியக்காலம் ஐந்தருவிக்கு ஒரு நட போயிட்டு வந்துருங்க."