வீட்டுப் பெயரில் கிடந்த கோப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம். யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் பதிவறை வாசலில், என் அக்காவின் பழைய கோப்பைத் தேடி நின்றேன்.

அக்கா வேறொரு மருத்துவமனையில் படுத்திருந்தார். பித்தப்பையில் சீழ் கட்டியிருந்தது. மறுநாள் காலை சத்திரசிகிச்சை. திருமணத்துக்கு முன் அவருக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டியபோது, மயக்க மருந்தால் மூச்சுத் தடைப்பட்டிருக்கிறது. அது எந்த மருந்து என்று வைத்தியர் கேட்டார். அக்காவுக்குத் தெரியாது. நான் அப்போது கொழும்பில் இருந்தேன். சிகிச்சையைத் தள்ளிப்போடவும் முடியாது. தெரியாமல் மருந்து கொடுப்பதும் ஆபத்து.

பதிவறையைக் கவனித்தவர் ஓர் இளம்பெண். கோப்புகள் வருடவாரியாக, அதற்குள் அகரவரிசையில் ஒழுங்காகவே இருந்தன. நான் சொன்ன பெயரில் பார்த்தார். இல்லை.

"கலியாணத்துக்கு முந்தியெண்டால் அப்பாவின்ரை இனிஷலிலை இருக்கும், அண்ணை."

அதிலும் இல்லை. முந்திய வருடம், பிந்திய வருடம் எல்லாம் பார்த்தார்.

"வேறை ஆஸ்பத்திரியா இருக்குமோ?"

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"கிளியக்கா, உண்மையா இஞ்சைதானோ?"

"வயித்தை வெட்டினது எனக்கு. எங்கையெண்டு எனக்குத் தெரியாதோ?" வலியிலும் அக்கா சீறினார்.

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்ன பேர் சொன்னியள்?"

"கிளி. அது வீட்டிலை கூப்பிடுறது."

"அண்டைக்கு ஆர் கொண்டுவந்து சேர்த்தது?"

"அடுத்த வீட்டு ஓட்டோக்கார அண்ணை. அக்கா அப்ப நினைவில்லாமல் கிடந்தவ."

"அவருக்கு அக்காவின்ரை பதிவுப் பேர் தெரியுமோ?"

நான் யோசித்தேன். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், யாருக்குத்தான் தெரியும்? பதிவுப் பெயர் பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும் மட்டுமே.

'கி' வரிசையில் அது இருந்தது. மட்டையில் 'கிளி' என்று மட்டும், முதலெழுத்துக்கூட இல்லாமல். முகவரி எங்களுடையது. உள்ளே மருந்தின் பெயர் அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தது.

"நல்லகாலம், கிளி பறக்கேல்லை," என்று சிரித்துக்கொண்டே பிரதி எடுத்துத் தந்தார்.

நான் அவசரத்தில் திரும்பியபோதும் அவர் கோப்பை உள்ளே வைக்கவில்லை. ஒரு மட்டைத் துண்டை வெட்டி, அக்காவின் பதிவுப் பெயரை எழுதி, கீழே 'கிளி என்ற பெயரில் பார்க்கவும்' என்று குறித்து, அந்தப் பெயருக்குரிய இடத்தில் செருகினார்.

"இனி நான் இல்லாட்டியும் ஆரும் எடுக்கலாம், அண்ணை."

மறுநாள் வேறு மருந்து கொடுத்தார்கள். அக்கா நல்லபடியாக வீடு வந்தார்.

அந்த வாரமே ஓட்டோக்கார அண்ணையிடம் போனேன். அன்று அவர் ஏற்றிக்கொண்டு ஓடியிராவிட்டால் அக்கா இல்லை. அவரை ஊரே 'சின்னராசு' என்றுதான் கூப்பிடும். முழுப்பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஏன்ரா, எனக்குப் பொம்பிளை பாக்கப் போறியோ?" என்று சிரித்துவிட்டுச் சொன்னார். சின்ன வயதிலிருந்து பக்கத்து வீட்டில் வாழ்ந்தும், அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஒருவரை நாள்தோறும் உரிமையோடு கூப்பிட்டுக்கொண்டே, அவர் நினைவிழந்து கிடக்கும் நாளில் அவருக்காகச் சொல்லவேண்டிய பெயரைத் தெரியாமல் இருந்துவிடலாம் என்பது, இன்றும் என்னை உறுத்துகிறது.