மூன்றாவது கட்டம்

சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். பேய் பிசாசு என்றால் நானும் கிண்டலடித்த ஆள்தான். ஆனால் இது என் தங்கைக்கு நடந்தது. என் கண் முன்னால், என் கேமராவிலேயே நடந்தது.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். வாலு என்று நாங்கள் கூப்பிடும் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "ஊருக்கெல்லாம் எடுக்கிறே, எனக்கு எடுக்க மாட்டியா?" என்று பிடுங்கி எடுத்துவிட்டாள். அவளையும் மாப்பிள்ளையையும் நகரத்து நடுவில் இருக்கும் பழைய பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். பூச்செடிகளுக்கு நடுவே ராஜா காலத்துக் கல்லறைகள் இருக்கும் இடம். மாலை வெயில் அந்தக் கல்லில் பட்டால் படம் அள்ளும். ஆறரைக்கு விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கடைசிக் கல்லறை மண்டபத்தின் வாசல் வளைவில் இருவரையும் நிறுத்தினேன். உள்ளே கும்மிருட்டு. என் கேமரா, முகம் எங்கே தெரிந்தாலும் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போட்டுக் காட்டும். இரண்டு முகம், இரண்டு கட்டம்.

மூன்றாவதாக ஒன்று வந்தது. அவர்களுக்குப் பின்னால், இருட்டுக்குள், பொட்டு மாதிரி சின்னதாக.

கல்லைப் பார்த்துக் கேமரா ஏமாறுவது சகஜம். நான் கண்டுகொள்ளவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் சொல்வதை என் வாயும் தன்பாட்டுக்குச் சொன்னது.

"இன்னும் கிட்ட வாங்க."

தங்கை மாப்பிள்ளையை ஒட்டி நின்றாள். மூன்றாவது கட்டம் கொஞ்சம் பெரிதானது.

"இன்னும் கொஞ்சம் கிட்ட..."

மறுபடி பெரிதானது.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன். இருவர்தான் நின்றார்கள். அதுவரை கேட்ட புறாச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அண்ணா... கழுத்துல யாரோ மூச்சு விடுற மாதிரி இருக்கு."

"காத்துடி. இங்க பாரு."

செடியில் ஓர் இலைகூட ஆடவில்லை.

மறுபடி கண்ணை வைத்தேன். கட்டம் அவள் தோளுக்கு மேல் இருந்தது. அவள் முகத்தின் அளவுக்கே.

நகர்ந்தது... அவள் முகத்தின் மேல் வந்தது... இரண்டும் ஒன்றானது.

பிறகு விலகி உள்ளே போனது. சின்னதாக... இன்னும் சின்னதாக...

அணைந்தது.

இப்போது ஒரே கட்டம். மாப்பிள்ளையின் முகத்தில். தங்கை பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கட்டம் இல்லை.

விசில் ஊதினார்கள்.

"வாலு, ஓடு!"

ஓடினோம்.

படங்கள் அருமையாக வந்திருந்தன. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கேமராவும் அவள் முகத்துக்குக் கட்டம் போடுவதில்லை. முகம் காட்டித் திறக்கும் அவளுடைய போனும் அவளுக்குத் திறப்பதில்லை. அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். நான்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

போன வாரம் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மச்சான், அவ போன் சரியாயிடுச்சு. முகத்தைக் காட்டினா திறக்குமே, அப்படித் திறக்குது."

எனக்கு உயிரே வந்தது. "அவகிட்ட குடுங்க, பேசுறேன்."

"அவ கடைக்குப் போயிருக்கா. போனை மேஜை மேலயே வச்சுட்டுப் போயிட்டா."

"அப்போ... எதிர்ல யாரு இருக்கா?"

"யாருமில்லையே..." அவர் குரல் இறங்கியது. "இந்தா... மறுபடியும் திறக்குது, மச்சான்."