தீ வரைபடத்துக்குப் பதினான்கு வேலை நாள்

போன சனிக்கிழமை காலை, தேக்கா உணவங்காடி. தோழி ஜமீலாவுக்காகத் தே தாரிக் டீயோடு காத்திருந்தேன். மூக்கில் புகை வாசனை ஏறியது. அவள் வந்து உட்கார்ந்ததும், "எங்கேயோ கரி அடுப்புல சாத்தே இறைச்சி சுடறாங்க" என்றேன்.

"காலைல ஒம்போது மணிக்கு யாரு அக்கா சாத்தே சுடுவாங்க? இது கடல் தாண்டி வர்ற சுமத்ராப் புகை. ரினி தோட்டமும் இந்தப் புகையில இருக்கு."

டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

ரினி, ஜமீலாவின் சிநேகிதி. சுமத்ராவில் ஒரு கிராமத்தில் அன்னாசி போட்டிருந்தவர். அங்கே சதுப்பு நிலம் காய்ந்தால் மண்ணே பற்றிக்கொள்ளும். அதனால் ஊர்க்காரர்கள் சேர்ந்து தீக்காவல் குழு வைத்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் மூன்று கால்வாய்களுக்கும் தீயணைக்க ஒரே ஒரு பம்ப். அதை எந்தக் கால்வாயோரம் நிறுத்துவது? அவர்கள் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பதில் சொல்ல ஒரு கணினி மாடல் இருக்கிறது. நம் ஊர் ஆய்வுக் குழு ஒன்று செய்தது. மழை, காற்று, மண்ணுக்குள் நீர்மட்டம் எல்லாம் கொடுத்தால், அடுத்த ஏழு நாளில் எங்கே தீப்பிடிக்கலாம் என்று வரைபடத்தில் சிவப்பாகக் காட்டும். போன வருடம் வெளியீட்டு விழா. 'இணையத்தில், எல்லோருக்கும்' என்று பேனர். நானும் போனேன், கறி பஃப் சாப்பிட்டேன், இதே பத்தியில் ஆகா ஓகோ என்று எழுதினேன். நினைவிருக்கிறதா?

அந்த இணையப் பக்கத்தில் 'டவுன்லோட்' பட்டன் உண்டு. அழுத்தினால்... மாடல் வராது. படிவம் வரும்! நிறுவனத்தின் பெயர், பதவி, மேலதிகாரியின் கடிதம் – அதுவும் லெட்டர்ஹெட்டில். ரினிக்கு ஏது லெட்டர்ஹெட்? அவரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிளும் ரப்பர் பூட்ஸும். அவருக்காக ஜமீலா விண்ணப்பித்தாள். பதில் உடனே வந்தது: பரிசீலிக்கப் பதினான்கு வேலை நாள்.

ஏழு நாளைக்குச் சொல்லும் மாடலுக்குப் பதினான்கு வேலை நாள் காத்திருப்பா? அந்த அலுவலகத்தில் யாருக்குமே இது உறைக்கவில்லையா?

பதில் வந்த அன்றே அங்கே போன் போட்டேன். எடுத்தவர் தமிழர், மரியாதையாகவே பேசினார்.

"மேடம், ஓப்பனா விட்டா யாராவது தப்பா யூஸ் பண்ணிடுவாங்க லா. ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அதுக்குள்ள தீ வந்துட்டா?"

"அதுக்குத்தான் ஃபார்ம்ல 'அர்ஜண்ட்'னு ஒரு பாக்ஸ் இருக்கு. டிக் பண்ணீங்களா?"

"பண்ணியாச்சு."

"அப்ப பதினாலு நாள்தான் மேடம். டிக் பண்ணலைன்னா இருபத்தொண்ணு."

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த மாடலைச் செய்வதற்காக, மண்ணில் குழாய் இறக்கித் தினமும் நீர்மட்டம் அளந்து நோட்டில் எழுதிக் கொடுத்தவர்களில் ரினியும் ஒருவர். இரண்டு வருடம் கொடுத்தார். அவரிடமிருந்து வாங்கும்போது படிவமும் இல்லை, லெட்டர்ஹெட்டும் இல்லை. வாட்ஸ்அப்பில் நோட்டின் போட்டோ போதுமாக இருந்தது!

வேறு வழியில்லாமல் ரினியின் குழு குத்துமதிப்பாகக் கிழக்குக் கால்வாயில் பம்ப்பை நிறுத்தியது. விண்ணப்பித்த ஆறாம் நாள் தீ வந்தது... மேற்கில். பம்ப்பை இழுத்துக்கொண்டு போவதற்குள் ரினியின் தோட்டம் போய்விட்டது. மண் இன்னும் புகைகிறது. உட்லண்ட்ஸ் வீட்டில் ஜன்னலை மூடி, ஏர்கானைப் போட்டுக்கொண்டு நான் இதை எழுதுகிறேன்.

தேக்காவில் ஜமீலா லேப்டாப்பைத் திறந்தாள்.

"நேத்து அப்ரூவல் வந்துச்சுக்கா."

விண்ணப்பித்த அன்றைய எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்திருக்கிறாள். மேற்குக் கால்வாய் முழுக்கச் சிவப்பு.

"ரினிகிட்ட காட்டினியா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் காட்டுறது, சொல்லுங்க?"

மாடலில் தப்பில்லை. செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் தீ எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு, தீயின் வாசலில் நிற்பவருக்குக் கொடுக்காமல் இருப்பதற்குப் பெயர் ப்ராசஸா? எனக்கு அநியாயம் என்றுதான் சொல்லத் தெரிகிறது.

என்னையும் சும்மா விடுவதற்கில்லை. 'எல்லோருக்கும்' என்று நம்பி ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். அன்று அந்த பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால், இந்தப் பத்தியை ஒரு வருடம் முன்பே எழுதியிருப்பேன். ரினியின் அன்னாசி இன்று செடியில் இருந்திருக்கலாம்.

இனியும் வெளியீட்டு விழாக்களுக்குப் போவேன் – முதலில் பட்டன், அப்புறம்தான் கறி பஃப்.