கலண்டரின் பின்பக்கத்தில் ஒரு கலியாண வீடு

எனக்கு மனிதர்களைப் பிடிக்காது. அவர்கள் வீட்டுக்கு வருவது அதைவிடப் பிடிக்காது. எங்கள் ஊரான சரவணையில், வீட்டு வாசல் படலை கிரீச்சிட்டாலே அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் கத்துவேன். நாற்பது வயதில், குளிர் நாடொன்றில், ஒரு வைத்தியர் அதற்கு ஓட்டிசம் என்று பெயர் சொன்னார். எண்பதுகளில் எங்கள் ஊரில் அதற்கு இருந்த பெயர் விசர், அதாவது பைத்தியம். அந்தப் பெயரை வாய் நிறையச் சொன்னவர் அப்பாவின் தங்கை, என் மாமி.

அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானபோது எனக்குப் பத்தொன்பது வயது. மாப்பிள்ளை வீட்டார் அனலைதீவிலிருந்து வள்ளத்தில் வருவார்கள், அவர்கள் கண்ணில் நான் படக்கூடாது, பின்னறையில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று மாமி சொன்னார். அப்பா அதற்குத் தலையாட்டினார். அந்த இருவர் மீதும் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

நான் பந்தலில் நிற்க வேண்டும் என்று அக்கா மட்டும் பிடிவாதமாக இருந்தாள். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டையும் பந்தலையும் படமாகக் கீறி, சாப்பாட்டு மேசையில் விரித்தாள். புளியங்கொட்டைகள்தான் ஆட்கள். சுண்ணாம்பு தடவிய கொட்டை நான். ஆறு சோகிகளை, அதாவது சோழிகளை, உருட்டினால், நிமிர்ந்து விழும் எண்ணுக்கு ஒரு விருந்தாளி வருவார். இரண்டு விழுந்தால் கன்னத்தைக் கிள்ளுகிறவர். ஆறு விழுந்தால் மாமி. அக்கா விருந்தாளியாகப் பேசுவாள், நான் நானாகப் பதில் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்க்க முடியாவிட்டால் புருவத்தைப் பார்க்கலாம். பதில் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பத்து எண்ணியும் மற்றவர் பேசாவிட்டால், அவருடைய முறை என்று ஞாபகப்படுத்தலாம்.

முதல்நாள் ஆறு விழுந்தபோது மேசையைக் கவிழ்த்தேன். ஒரு மாதத்தில், ஆறு விழாதா என்று ஏங்கத் தொடங்கினேன்.

இப்போது இந்தக் குளிர் நாட்டில் இதையே தாயக்கட்டையும் கதையும் வைத்து எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பாக நடத்துகிறார்கள். மாமி போன்றவர்களை அந்த வகுப்புக்கு இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

கலியாணத்தன்று அக்கா பின்னறைப் பூட்டின் திறப்பைத் தன் சேலைக்குள் செருகிக்கொண்டு மணவறைக்குப் போய்விட்டாள். மேளம் என் மண்டைக்குள் அடித்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமி வந்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“இந்த விசரை ஆர் வெளியில விட்டது?”

ஆறு விழுந்துவிட்டது. நான் அவருடைய புருவத்தைப் பார்த்தேன்.

“நான் கலியாணப் பொம்பிளையின்ர தங்கச்சி. எங்கை இருக்கிறது எண்டு சொல்லுங்கோ, இருக்கிறன்.”

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மாமியின் வாய் திறந்தது, பிறகு மூடியது. அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. நான் பத்து வரை எண்ணினேன்.

“மாமி, இப்ப உங்கட முறை.”

மாப்பிள்ளையின் தாய் சிரித்துவிட்டு, பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். நான் போய் இருந்தேன். மாமி சாகும்வரை என்னோடு பேசவில்லை. அவர் எனக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.